மண்ணும் கல்வியே



வெள்ளி விழாவையொட்டி நம் சங்கம் திருவொற்றியூரில் அமைத்துள்ள கண்காட்சியில், பட்டம் பெற்ற நம் பிள்ளைகளின் படங்களுக்கு அருகே, ஒரு மேசைமீது ஐந்து மண் பொருள்கள் உள்ளன. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் நம் பகுதி மாணவர் ஒருவர் தம் கையால் செய்தவை அவை. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

முதலாவது, மண்ணுருண்டையைக் கட்டைவிரலால் குழித்துச் செய்த கிண்ணம். இரண்டாவது, மண்ணைக் கயிறுபோல் திரித்துச் சுற்றின்மேல் சுற்றாக அடுக்கிய குடுவை. மூன்றாவது, பலகைபோல் தட்டி வெட்டிய துண்டுகளை இணைத்த பெட்டி. நான்காவது, மீன்கூடை சுமக்கும் பெண்ணின் புடைப்புச் சிற்பம். ஐந்தாவது, அவர் தந்தையின் தலை. அதன் காதோரம் ஒரு வெடிப்பு உண்டு.

அவ்வெடிப்பும் ஒரு பாடமே. மண்ணை நன்கு பிசைந்து உள்ளிருக்கும் காற்றைப் போக்க வேண்டும். ஒட்டும் இடங்களைக் கீறி, மண்குழம்பு தடவி இணைக்க வேண்டும். தலையை உள்ளே குடைந்து, சுவரின் கனத்தை ஒரே அளவாக்க வேண்டும். இன்றேல் மெல்லிய பகுதி விரைந்து உலர்ந்து சுருங்க, தடித்த பகுதி பின்தங்க, இடையே வெடிப்புத் தோன்றும். ஈரம் எஞ்சினால் சூளையில் அது நீராவியாகிப் பொருளையே உடைத்துவிடும். வெப்பம் 600 டிகிரி செல்சியசைக் கடந்தபின் அம்மண் மீண்டும் சேறாவதில்லை. இவையெல்லாம் இயற்பியலும் வேதியியலும் அல்லவா?

ஆயினும், துறைமுகத்தில் மூட்டை சுமந்து மகனைப் படிக்கவைத்த அத்தந்தை நம்மிடம் கேட்டார்: "ஐயா, பேனா பிடிக்க அனுப்பினேன், மண்ணைப் பிசையவா அனுப்பினேன்?"

இக்கேள்வியை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. கைத்தொழிலைப் பிறப்போடு பிணைத்து, கூலியையும் மதிப்பையும் மறுத்த சமுதாயத்தின் காயம் அது. சாதி என்பது தொழில்களை மட்டும் பிரிப்பதன்று, தொழிலாளரையே பிரித்துத் தட்டுத் தட்டாக அடுக்குவது என்று 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். ஆகவே குற்றம் மண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை இன்மையிலேயே உள்ளது. தாமே விரும்பி, அறிந்து, மண்ணை எடுத்த அம்மாணவர் அவ்வுரிமையைக் கைக்கொண்டவர் ஆவார்.

அக்கல்லூரி 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப் பெற்றது. 1929இல் அதன் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரியே, மெரினா கடற்கரையில் பாறையை நெம்பும் நால்வரைக் கொண்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர். 1959 முதல் அச்சிலை அங்கே நிற்கின்றது. உழைப்பவன் உருவம் கடற்கரையில் நிற்கத் தகும் எனில், அவ்வுருவை வடிக்கும் கை உழைப்பவன் வீட்டிலிருந்து வரத் தகாதோ?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெயர்களை மண் காத்துள்ளது. நம் மாணவரும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் தம் பெயரைக் கீறியுள்ளார். தந்தை வாழ்நாளெல்லாம் சுமந்த மூட்டைகளில் ஒன்றிலேனும் அவர் பெயர் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் தேறியோர் அங்கே இளங்கலைப் பட்டம் பயிலலாம். ஆனால் வரைந்து பழகாத பிள்ளை அக்கல்லூரி வாயிலில் தயங்கியே நிற்கும். ஆதலின், நம் மாலைப் பாடசாலையில் ஞாயிறுதோறும் ஓவியமும் மண் உருவமும் பயிற்றும் வகுப்பொன்றைச் சங்கம் தொடங்க வேண்டும். மருத்துவராகவோ பொறியாளராகவோ விரும்புவோர் அவ்வாறே ஆகட்டும். சிற்பியாக விரும்பும் பிள்ளையையும் பெற்றோர் தடுக்க வேண்டா.

அவ்வகுப்பிற்கு முதல் மாத மண்ணை நாம் வாங்கித் தருகின்றோம். இளைஞர்களே, கைகளோடு வாருங்கள்.