பதுளை வண்டியின் படி



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு காலைப் பொழுதில், பதுளைக்குச் செல்லும் சாதாரண வண்டியை எதிர்பார்த்துச் சிறிய நிலையமொன்றில் நின்றிருந்தேன். அருகிலிருந்த தோட்டத்து மூதாட்டி ஒருவர், வைத்தியசாலைக்குப் போகத் தம் பேரனுடன் வந்திருந்தார். வண்டி வந்தது. மேடையோ தாழ்வு, பெட்டியின் படியோ உயரம். பேரனும் வேறொருவருமாகத் தாங்கிப் பிடித்து அவரை மேலேற்றினர். அப்பையன் என் மாணவன். மூச்சு வாங்கியபடியே, "சேர், புது வண்டி வந்தா படி தாழ்வா இருக்குங்களா?" என்று கேட்டான். எனக்கு விடை கூற இயலவில்லை. இன்றைய பேச்சு அக்கேள்வியைப் பற்றியதே.

கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீற்றர் நீளும் இப்புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிலே பதுளையை எட்டியது. பட்டிப்பொலவை அடுத்து 6,200 அடிக்கு மேல் ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக இறங்குகின்றது. தெமோதரையில், தான் கடந்து வந்த நிலையத்தின் கீழேயே சுற்றி வந்து சுரங்கத்தினுள் நுழைகின்றது. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களும், சுமார் 100 மீற்றரே ஆரையுடைய வளைவுகளும் இப்பாதையில் உண்டு. ஆகவே, சமவெளியில் ஓடும் எந்த வண்டியையும் இங்கே ஓட்டிவிடலாம் என எண்ணுதல் தவறு. ஏற்றத்தில் எஞ்சினுக்கு வலு வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிழையின்றிப் பிடிக்க வேண்டும். பெட்டிகள் வளைவுக்கு இசைய வேண்டும்.

இதனாலேயே மலைநாட்டு வண்டிகள் காலந்தோறும் ஆராய்ந்தே மாற்றப்பட்டன. நீராவிக் காலத்தில், வளைவுக்கேற்ப மடங்கித் திரும்பும் காராட் எஞ்சின்கள் உழைத்தன. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன; அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கின. 1979இல் ஜேர்மனியிலிருந்து எம்-6 வகை எஞ்சின்களும், 2019இல் சீனாவிலிருந்து எஸ்-14 வகை வண்டித் தொடர்களும் வந்து சேர்ந்தன.

பழைய வண்டியை மாற்றுவது நமக்கு மட்டும் உரிய கவலையன்று. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில், பல்லாண்டு உழைத்த கீஹா-40 வண்டிகளுக்குப் பதிலாக 2020 முதல் எச்-100 வண்டிகளை ஓட்டத் தொடங்கினர். சக்கர நாற்காலியில் வருபவரும் பயன்படுத்தத்தக்க கழிவறையை அவற்றில் அமைத்தனர். எஞ்சினின் வலுவோடு பயணியின் வலுவின்மையையும் அவர்கள் கணக்கிற் கொண்டனர் என்பதே நாம் கருதத்தக்கது.

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். வரட்டும், அவர்களால் நாட்டிற்கு வருவாய் உண்டு. ஆனால், மலையழகைக் காண அகன்ற கண்ணாடி அமைப்பவர்கள், அதே வண்டியில் பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போகிறவர்களை மறந்துவிடலாகாது. முன்பதிவு செய்ய வசதியற்றவருக்கும் போதிய ஆசனம் வேண்டும். வண்டி வரும் வேளை பாடசாலை மணிக்கு ஒத்திருக்க வேண்டும். உதிரிப் பாகங்கள் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். இல்லையேல் புதிய வண்டியும் விரைவிலே பழையதாகிவிடும்.

2025 நவம்பர் இறுதியில், டிட்வா சூறாவளியின்போது மண் சரிந்து மலைநாட்டுப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. வண்டியின் அருமை வண்டி வராத நாளிலே தெரியும். மலைச்சரிவைக் காத்துத் தண்டவாளத்தைப் பேணாமல், வண்டியை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை.

நேயர்களே, புதிய வண்டியொன்று பதுளைக்கு வரும்போது மாலையிட்டு வரவேற்போம். அதற்கு முன், அதன் வர்ணத்தைப் பார்க்காமல் படியைப் பார்ப்போம். அம்மூதாட்டி பிறர் கை தாங்காமல் அதில் ஏறினால், என் மாணவனுக்கு அன்று நான் சொல்லாத விடை கிடைத்துவிடும்.