இரும்புக்கு விதித்த தீண்டாமை
(திருத்தணியில் பேசியது)



விஞ்ஞானிகள் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றுகிறார்களே, அப்படிப்பட்டதை எப்படி நம்புவது என்று நம்மைச் சிலர் கேட்கிறார்கள். மாற்றுவது உண்மைதான். எதைக் கண்டு மாற்றினார்கள் என்பதற்கு இரும்பின் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம்.

இவ்வூர் வழியே ஓடும் ரயிலுக்கு மேலே மின்சாரக் கம்பி போகிறதல்லவா? அதில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகி வீணாய்ப் போகிறது. எந்தக் கம்பிக்கும் இந்தத் தடை உண்டு. ஆனால் 1911இல் ஹாலந்து தேசத்து காமர்லிங் ஆன்ஸ் என்பவர் பாதரசத்தைச் சைபருக்குக் கீழ் 269 டிகிரிக்குக் குளிரவைத்தார். தடை அடியோடு ஒழிந்தது. இப்படிப்பட்ட பொருளுக்கு மீகடத்தி என்று பெயர்.

மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகப் போகின்றன. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். ஜோடியில் ஒன்று மேல்நோக்கினால் மற்றது கீழ்நோக்கும். வேறு காந்தம் இடையில் வந்தால் ஜோடி பிரிந்துவிடும். ஆகவே இரும்பு ஆகாது என்று எண்ணினார்கள். புதுப்புது மீகடத்திகளைக் கண்டறிந்த பெர்ண்ட் மத்தியாஸ் பெயரால் வழங்கும் விதிகளில் காந்தத்தை விலக்கு, ஆக்சிஜனை விலக்கு என்பவையும் உண்டு. (கணக்குப் போட்டுத் தத்துவம் சொல்லும் விஞ்ஞானிகளையும் விலக்கு என்று ஒரு விதி இருக்கிறது, அந்தச் சண்டையில் நாம் தலையிடவில்லை.) இரும்புக்கு ஒருவிதத் தீண்டாமை என்றே சொல்லலாம்.

2008இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவும் அவர் கூட்டத்தாரும் லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த பொருளில் கொஞ்சம் ஃப்ளோரினைக் கலந்தார்கள். 247 டிகிரிக் குளிரிலேயே தடை போயிற்று. விலக்கிவைத்த இரண்டுமே அதில் இருந்தன!

இதெப்படி நேர்ந்தது? கிருத்திகையன்று இம்மலைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை ஏறுகிறது, அடுத்த வரிசை இறங்குகிறது, அதற்கடுத்தது மறுபடி ஏறுகிறது. ஃப்ளோரின் கலவாத பொருளில், நன்றாய்க் குளிர்ந்தபின், இரும்பணுக்களின் காந்தங்களும் இப்படித்தான் வரிசைக்கு வரிசை எதிர்முகமாய் நிற்கின்றன. அவை இறுகி நிற்கும்போது மீகடத்தல் இல்லை. ஃப்ளோரின் சேர்ந்ததும் கட்டுக் குலைகிறது. ஆனாலும் பழைய வாசனை விடுவதில்லை. ஒரு வரிசை இப்பக்கம் ஆடினால் அடுத்த வரிசை அப்பக்கம் ஆடுகிறது. நியூட்ரானும் ஒரு காந்தமானபடியால் அதைச் செலுத்தி இந்த ஆட்டத்தை அளந்தார்கள். மீகடத்தல் தொடங்கும்போது குறிப்பிட்டதோர் அதிர்வில் ஆட்டம் ஓங்குகிறது! ஜோடியைப் பிரிக்குமென்று பயந்த காந்தமே ஜோடி சேர்த்து வைக்கிறது என்று இன்று விஞ்ஞானிகளில் பலர் கருதுகிறார்கள்.

நம் கல்பாக்கத்து விஞ்ஞானிகளும் 2009இல் பேரியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்த படிகத்தில் எதையும் கலக்காமல், வெறும் அழுத்தத்தாலேயே மீகடத்தலைக் கண்டார்கள்.

இத்தோடு வழக்குத் தீரவில்லை. இரும்பும் செலினியமும் மட்டும் சேர்ந்த பொருளில், அழுத்தம் கொடுக்காதபோது, காந்தங்கள் அப்படி வரிசைகட்டி நிற்பதைக் காணோம். ஆயினும் 265 டிகிரியில் தடை போகிறது. அணுவுக்குள் எலக்ட்ரான் உலவும் பாதைகளின் ஆட்டமே காரணம் என்று ஒரு கட்சியார் வாதாடுகிறார்கள். அந்தப் பொருளுக்குள்ளும் நியூட்ரானைச் செலுத்தி அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.