பக்கம் கோக்கும் கருவி மாறும்போது

அச்சுத் தொழிலில் கருவி மாறுவது புதிதன்று. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர்கள் கணினிக்கு வந்தார்கள். அது எல்லோரும் அறிந்த மாற்றம். அதற்குப் பின் சந்தடியின்றி நடந்த இன்னொரு மாற்றம் உண்டு. பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளை விட்டு இண்டிசைன் என்னும் மென்பொருளுக்குப் போனதைத்தான் சொல்கிறேன்.

பேஜ்மேக்கரை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆல்டஸ் நிறுவனம். பழைய வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் பெயரை அது சூட்டிக்கொண்டிருந்தது. 1994இல் அடோபி நிறுவனம் அதனை வாங்கிற்று. 1999இல் இண்டிசைனை வெளியிட்டது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. தமிழ் அச்சகங்களிலோ அதன் ஆயுள் அத்துடன் முடியவில்லை.

காரணம் எழுத்துருக்களில் இருக்கிறது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவை. 'கெ' என்று அச்சிட, முதலில் கொம்பு, பிறகு ககரம். கண்ணுக்குத் தெரியும் வரிசையே கணினியிலும் வரிசை. யூனிகோடு முறையிலோ ககரம் முன்னே, கொம்பு பின்னே. அதனை இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. இண்டிசைனிலும் உலக மொழிகளுக்குரிய வரியமைப்பியைத் தேர்ந்தாலன்றிக் கொம்பு எழுத்துக்குப் பின்னே தனியே நிற்கும். இதை அறியாமல், 'இந்த மென்பொருளுக்குத் தமிழ் வராது' என்று கைவிட்டோர் பலர்.

புதிய நூலை இண்டிசைனில் தொடங்குவது எளிது. இடர் பழைய நூல்களில்தான். இண்டிசைனின் தொடக்கப் பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தன. ஆனால் உள்ளே இருக்கும் எழுத்து பழைய எழுத்தே. அதனை மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. அவற்றை நம்பி நேரே அச்சுக்கு அனுப்பியவர் நிலை இரங்கத்தக்கது. தமிழுக்கிடையே வந்த ஆங்கிலச் சொல், எழுத்துரு வேறுபாடு மறைந்ததும், பொருளற்ற தமிழ்க் குவியலாகிவிடும். 'வெளி' என்ற சொல்லில் கொம்பையும் ளகரத்தையும் கண்ட நிரல், அதை ஔகாரமென்று கொண்டு, 'வௌ'வுக்குமேல் ஒரு விசிறியைச் செருகி வைக்கும். 'வெளியீடு' என்று தலைப்பேட்டிலேயே வருகிற சொல்லுக்கு இந்தக் கதி!

இதைவிட நுட்பமான பிழை ஒன்றுண்டு. துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். விரைவில் தட்டியவர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டிருப்பார். தாளில் வேறுபாடில்லை, ஆகவே மெய்ப்புத் திருத்தியவரைக் குறை சொல்ல இடமில்லை. யூனிகோடுக்கு மாறிய பின்பும் கண்ணுக்கு அது தப்பிவிடும். ஆனால் 'காலம்' என்று தேடினால் அகப்படாது. ககரமும் ரகரமுமாகப் புதைந்து கிடக்கும்.

சிறு நூல்களை வெளியிடும் என் நண்பர் ஒருவர், முந்நூறு பக்க நூலொன்றை இவ்வாறு மாற்றினார். எழுத்துப் பிழைகளை அவர் எதிர்பார்த்திருந்தார். பொருளடைவை எதிர்பார்க்கவில்லை. பேஜ்மேக்கர் வரிக்கு வரி இடம் பார்த்து நிரப்பும். இண்டிசைனோ பத்தி முழுவதையும் நோக்கி வரிகளைப் பகிரும். ஒரு பத்தியில் ஒரு வரி குறைந்தது, மற்றொன்றில் கூடிற்று; நூலின் இறுதிக்குள் பக்கங்கள் நகர்ந்து, பின்னிணைப்பிலிருந்த எண்கள் அத்தனையும் பொய்த்தன. பழைய அச்சுப் பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் திரையில் ஒத்துப் பார்க்க, வேலை ஏழு வாரம் நீண்டது.

அந்த நூல் இப்போது தேடக் கூடியதாக, மறுபதிப்புக்கு ஆயத்தமாக இருக்கிறது. மாற்றப்படாத மற்ற நூல்களுக்காக அவர் தமது பழைய கணினியை அப்புறப்படுத்தாமல் வைத்திருக்கிறார். இணைய இணைப்பை எடுத்துவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை அதனை இயக்கி, எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்து அணைத்துவிடுகிறார்.