ஆயிரம் பேரும் ஐந்து பேரும்
(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருப்பணியைப் பற்றியும் வரவு செலவைப் பற்றியும் பேச வேண்டியவர்கள் பேசிவிட்டார்கள். எனக்கு அளிக்கப்பட்ட சில நிமிடங்களில், நம் எல்லாருடைய கையிலும் இருக்கும் கைத்தொலைபேசியைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

பேராக் மாநிலத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் 35 ஆண்டுகள் பணியாற்றி, 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். பழைய மாணவர்கள் முகநூலில் என்னைத் தேடி வந்தார்கள். சில ஆண்டுகளில் 1,800 நண்பர்கள். புலனத்தில் 31 குழுக்கள். பெருமையாகத்தான் இருந்தது. தினமும் சுவாமி படத்துடன் 'காலை வணக்கம்' அனுப்பிய பிறகுதான் பசியாறுவேன்.

2023ஆம் ஆண்டு பொங்கல் வாரம். தோட்டப் பள்ளியில் என்னோடு 12 ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். என் மகன் காய்ச்சலில் துடித்த இரவில், கொட்டும் மழையில் தம் மோட்டார் சைக்கிளில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். "சார், உடம்பு சரியில்லை. ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்பதுதான் செய்தி. நூற்றுக்கணக்கான பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் அது புதைந்துவிட்டது. 12 நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பதறிப்போய் அழைத்தேன். அவருடைய துணைவியார் எடுத்தார். "அவரு போயி ஆறு நாளாச்சு சார். நீங்க வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய இறப்புச் செய்தி எங்கள் ஆசிரியர் குழுவிலும் வந்திருந்தது. யார் என்று பார்க்காமலே, வழக்கம்போல் கைகூப்பும் படம் ஒன்றை நானும் அனுப்பியிருந்தேன்!

அன்பர்களே, முகநூலில் ஒருவர் 5,000 பேரை நண்பராக்கிக்கொள்ள இடமுண்டு. புலனக் குழு ஒன்றில் 1,024 பேர் சேரலாம் என 2022இல் அறிவித்தார்கள். கருவிக்கு இடம் உண்டு, மனத்துக்கு உண்டா? மனிதன் ஏறத்தாழ 150 பேருடன்தான் நிலையான உறவு கொள்ள முடியும் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் 1990களில் எழுதினார். மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பதும் அவர் கருத்து. இந்த எண்களை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் என் அனுபவம் ஐந்தின் பக்கமே நிற்கிறது. நம் வள்ளுவப் பெருந்தகையோ நட்புக்கென்றே 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் ஒன்றின் பெயர் 'நட்பாராய்தல்'. நண்பரைச் சேர்ப்பதற்கு முன் ஆராயச் சொன்னார். நாமோ விரலால் தொட்டுச் சேர்த்துவிடுகிறோம்.

வகுப்பில் நாள்தோறும் வருகைப் பதிவேடு எடுப்போம். எதற்காக? வந்தவர்களை எண்ணுவதற்கு மட்டுமல்ல, வராத பிள்ளை யார் என்று அறிவதற்காக. 35 பிள்ளைகளில் ஒரு பிள்ளை வராவிட்டால் எனக்குத் தெரியும். 1,800 பேரில் ஒருவர் இல்லாமற்போனது எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் 26 குழுக்களிலிருந்து விலகினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் 40 பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். மாலையில் ஒருவரை அழைத்துப் பேசுகிறேன். முகநூலும் புலனமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்னதானத்திற்கு ஆள் திரட்டவும், அவசரத்திற்கு இரத்தம் கேட்கவும் அவை உதவுகின்றன. ஆனால் அவை நமக்கு அஞ்சற்காரராக இருக்கட்டும், உறவுக்காரராக வேண்டாம்.

இவ்வாலயத்திற்கு நீங்கள் பொருளை வாரி வழங்குகிறீர்கள். இன்று நான் கேட்பது வேறொரு நன்கொடை. வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் வந்து, இப்போது வராமலிருக்கும் முதியவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆளுக்கு ஐந்து பேரை ஏற்றுக்கொள்ளுங்கள். படம் அனுப்பாதீர்கள், அழைத்துப் பேசுங்கள். முடிந்தால் விபூதிப் பிரசாதத்துடன் வீட்டுக்கே சென்று வாருங்கள். என் ஐவரின் பெயரை இன்று எழுதிவிட்டேன். முதற்பெயர் அந்த நண்பருடைய துணைவியாருடையது.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.