நொதியப் பூட்டுக்குத் திறப்புத் தேடும் கணினி



நொதியத்தைப் பூட்டு என்றும், அது தாக்கும் பொருளைத் திறப்பு என்றும் உயர்தர உயிரியல் வகுப்பில் நாம் படித்தோம். சில புற்றுநோய்களில் ஒரு நொதியம் ஓயாமல் வேலை செய்து கலங்களைப் பெருக்குகிறது. அந்தப் பூட்டில் வேறொரு திறப்பைச் செருகி அடைத்துவிடும் பொருளே நிரோதி. நாட்பட்ட மைலொயிட் லியூக்கேமியா என்ற குருதிப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அத்தகையது. தினமும் குளிசை விழுங்கி, பல நோயாளர் வழமையான வாழ்வு வாழ்கிறார்கள்.

இமாட்டினிப்பின் தொடக்கப் பொருள், ஆய்வுகூடத்தில் பல இரசாயனங்களைச் சோதித்துக் கண்டெடுத்தது. இன்று அந்த முதற்படியைக் கணினி விரைவாக்குகிறது. நொதியத்தின் குழியில் இலட்சக்கணக்கான மூலக்கூறுகளைத் திரையிலேயே பொருத்திப் பார்த்து, நன்கு பொருந்துபவற்றைத் தெரிவுசெய்கிறது.

இதற்கு நொதியத்தின் வடிவம் சரியாகத் தெரிய வேண்டும். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம் என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டு வரைபடமாக்கியவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும், சி. இராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும். புரத வடிவம் நம்பத்தக்கதா என்று உலகெங்கும் இன்றும் அந்த வரைபடத்தை வைத்துச் சரிபார்க்கிறார்கள். தங்கைமாரே, பௌதிகமும் கணிதமும் படித்தாலும் நோயாளருக்கு உதவலாம்.

ஆனால் வைத்தியர்களாகிய நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் பொருந்துவது மருந்தல்ல. அது குருதியில் சேருமா, ஈரலைக் கெடுக்குமா என்பதைக் கலங்களிலும் விலங்குகளிலும், பின்னர் மனிதரிலும் படிப்படியாகச் சோதித்தே அறியலாம். மனிதரில் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளிலும் பத்தில் ஒன்பது அளவில் அனுமதி பெறாமலே நின்றுவிடுகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுகூடத்தில் பல நொதியங்களைத் தடுக்கிறது. உண்டால் குருதியில் மிகக் குறைவாகவே சேர்கிறது. அது இன்னும் புற்றுநோய் மருந்தாகவில்லை.

ஆகவே, "இந்த இலை புற்றுநோயைக் குணமாக்கும்" என்று கைபேசியில் செய்தி வந்தால், அனுப்புமுன் கேட்போம்: இது கணினியில் கண்டதா, கலத்தில் கண்டதா, மனிதரில் கண்டதா? ஒரு செய்தியை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இழந்த மாதங்கள் திரும்ப வரா. கேள்வி கேட்கப் பழக்கிய பள்ளி இது. அந்தப் பழக்கத்தை நம் வீடுகளுக்கும் கொண்டுசெல்வோம்.