முதல் ரேங்க்கும் கடைசி பெஞ்சும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் மாணவர்களுக்குப் பரிசு வழங்கியபின் ஆற்றிய உரை)

 

"கணக்கில் நூற்றுக்கு நூறு" என்று அறிவித்தபோதெல்லாம் இங்கே கரகோஷம் எழுந்தது. கணக்கு நம் ரத்தத்தில் ஊறியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உலக அளவில் நம் நிலை என்ன என்று பார்ப்போமா?

ஓ.இ.சி.டி. என்ற சர்வதேச அமைப்பு, 15 வயது மாணவர்களுக்கு 'பீஸா' என்ற தேர்வை 2000 முதல் நடத்துகிறது. (சாப்பிடும் பீட்ஸா அல்ல!) சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வல்ல இது. அன்றாட விஷயம் ஒன்றைச் சொல்லி, அதற்கு எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று மாணவனையே யோசிக்க வைப்பது.

2009 சுற்றின் தொடர்ச்சியாக, தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் இதில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கணிதத்தில் ஷாங்காய் 600, ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 496, தமிழ்நாடு 351, ஹிமாசலம் 338. விஞ்ஞானத்தில் தமிழ்நாடு 348, ஹிமாசலம் 325. மொத்தம் 74 இடங்களில், கணிதத்தில் நமக்குக் கீழே இருந்தது கிர்கிஸ்தான் மட்டுமே. கணிதத்தின் அடிப்படை நிலையை எட்டியவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 15 பேர்; ஓ.இ.சி.டி. நாடுகளிலோ 75 பேர்.

கேள்விகள் நம் சூழ்நிலைக்குப் பொருந்தவில்லை என்று இங்கே காரணம் சொன்னார்கள். 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா சேரவேயில்லை. ஆனால் பணக்கார நாடல்லாத வியட்நாம், 2012-ல் முதன்முறை எழுதி, கணிதத்தில் 511 வாங்கியது, அவ்வருட ஓ.இ.சி.டி. சராசரி 494தான்.

அப்படியானால் நம்மிடம் புத்திசாலிகள் இல்லையா? 2024 சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் நம் மாணவர்கள் 4 தங்கமும் 1 வெள்ளியும் வென்று, இந்தியாவை நான்காவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டும் உண்மையே. ஒலிம்பியாட், பொறுக்கியெடுத்த ஆறு பேரின் திறமை. பீஸா, சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நிலை. முதல் ரேங்க்கைக் கொண்டாடும் நாம், கடைசி பெஞ்சை மறந்துவிட்டோம்.

நம் சங்கத்தில் எந்த ஊரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எஞ்சினியர்கள், வங்கி அதிகாரிகள் உண்டு. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு, நம் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தைக்கும் சேர்த்து, கணக்குச் சொல்லிக்கொடுங்கள். விடை சரியா என்பதோடு நிற்காமல், "எப்படி வந்தது?" என்றும் கேளுங்கள்.

அடுத்த ஆண்டுவிழாவில், 35-லிருந்து 60-க்கு வந்த குழந்தைக்கும் இந்த மேடையில் ஒரு பரிசு இருக்கட்டும்.