ஏரிக்கரையில் ஒரு வரலாற்றுப் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது என்றே மாணவர்கள் பலரும் எண்ணுகிறார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உருவாக்கிய ஏரி அது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. 'போட் கிளப்' என்று நாம் சொல்லும் படகுச் சங்கம் 1890இல் தொடங்கியது. பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 1932இல்தான்.

இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. இடையில் இருப்பவை 42 ஆண்டுகள். "அந்த 42 ஆண்டுகளில் படகில் ஏறியவர்கள் யார்? கரையில் நின்று பார்த்தவர்கள் யார்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி, "கரை கட்டினவங்க பேரு எங்க சார் எழுதியிருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்கியது.

உங்கள் ஊர்க் கண்மாய், பாலம், பள்ளிக் கட்டடம் எதற்கும் இதே கேள்வி பொருந்தும். மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயருடன் நோட்டில் எழுதி வரட்டும். அடுத்த கூட்டத்துக்கு அவற்றில் சிலவற்றை எடுத்து வாருங்கள்; சேர்ந்து படிப்போம்.